ஒலிபெருக்கி வாங்குமுன் அதன் இணைப்பைப் பாருங்கள்

நவம்பர் மாதம் ஓய்வூதியர்கள் வாழ்வுச் சான்றிதழ் அளிக்க வங்கிக்கு வரும் காலம். நஞ்சன்கூடு கிளைக்கு அவ்வாறு வந்த ஒரு பெரியவர் கையில் ஒரு துணிப்பையும் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து இவ்வூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்கு வந்து, ஓய்வுக்குப் பின்னும் கபிலை ஆற்றங்கரையிலேயே தங்கிவிட்டவர் அவர். பையிலிருந்து ஓர் ஒலிபெருக்கியை எடுத்து என் மேசைமீது வைத்தார். 2010ஆம் ஆண்டு வெளிநாட்டிலிருந்து மகன் வாங்கி வந்தது. அதன் நடுவிலுள்ள பள்ளத்தில் கையடக்க இசைக்கருவியைப் பொருத்தினால் பாட்டுக் கேட்கலாம். இசைக்கருவி பழுதாகி இரண்டாண்டுகள் ஆகின்றன. இப்போதுள்ள கைப்பேசி அப்பள்ளத்தில் பொருந்தவில்லை.

“வீட்டில் அவள் இருந்தவரை சமையலறையில் தினமும் பாடிக்கொண்டிருந்த பெட்டி, சார். கடையில் பன்னிரண்டாயிரத்துக்குப் புதிது ஒன்று காட்டினார்கள். வட்டியே இல்லாத தவணையாம். வாங்கிவிடலாமா?” என்று கேட்டார்.

இக்கேள்வியில் இரண்டு கேள்விகள் அடங்கியுள்ளன. பழைய பெட்டி உண்மையிலேயே பயனற்றுப் போய்விட்டதா என்பது முதலாவது. வட்டியில்லாத் தவணை என்பது உண்மையிலேயே இலவசமா என்பது இரண்டாவது. வாடிக்கையாளர் பலருக்கும் பயன்படும் என்பதால் இரண்டையும் இங்கு விளக்க முற்படுகிறேன்.

பெட்டி பழுதாகவில்லை, இணைப்பு மாறியது

‘ஸ்பீக்கர் டாக்’ எனப்படும் இவ்வகை ஒலிபெருக்கி மேடைகள் பெருகியதற்கு ஐபாட் முக்கியக் காரணம். 2001 அக்டோபரில் ஆப்பிள் நிறுவனம் ஐபாடை அறிமுகப்படுத்தியது. 2003இல் வந்த அதன் மூன்றாம் தலைமுறையில் 30 ஊசிகள் கொண்ட அகன்ற இணைப்பு முனை இடம்பெற்றது. மின்னேற்றம், தரவு, பாடலின் ஒலி ஆகிய அனைத்தும் அந்த ஒரே முனை வழியாகச் சென்றன. எனவே கருவியை மேடையில் நிறுத்தினாலே போதும். பாட்டும் ஒலிக்கும், மின்கலமும் நிறையும். போஸ், ஜேபிஎல் உள்ளிட்ட பல நிறுவனங்கள் இம்முனைக்கேற்ற மேடைகளை விற்றன.

2008இல் வந்த புதிய கருவிகள் சிலவற்றில் மின்னேற்றும் முறை மாறியது. அவை பழைய மேடைகளில் பாடின. ஆனால் மின்னேற்றம் பெறவில்லை. 2012 செப்டம்பரில் 30 ஊசி முனையின் இடத்தை ‘லைட்னிங்’ என்னும் சிறிய முனை பிடித்தது. 2023இல் ஐபோன் 15 வெளிவந்தபோது அதுவும் விலகி, யு.எஸ்.பி. சி வகை வந்தது. ஐபாட் உற்பத்தியோ 2022 மே மாதத்தில் நிறுத்தப்பட்டுவிட்டது. இத்தனை மாற்றங்களுக்கிடையிலும் பழைய மேடைகளின் ஒலிபெருக்கிக் கூம்பும் ஒலிமிகைப்பியும் பெரும்பாலும் நல்ல நிலையிலேயே இருக்கும். வழக்கொழிந்தது வாசல்தானேயன்றி வீடன்று.

இதற்கு மாறான எடுத்துக்காட்டும் மைசூரிலேயே உண்டு. பேராசிரியர் எம்.வி. கோபாலசுவாமி 1935இல் இங்குத் தம் இல்லத்தில் ‘ஆகாசவாணி’ என்ற பெயரில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கினார். அக்காலம் முதல் மத்திய அலை ஒலிபரப்பின் அடிப்படை முறை மாறவில்லை. பழுதின்றிப் பேணப்பட்ட பழைய வானொலிப் பெட்டியில் மத்திய அலை நிலையங்களை இன்றும் கேட்கலாம். பொதுமுறையைச் சார்ந்த கருவி நெடுநாள் வாழ்கிறது. ஒரே நிறுவனத்தின் முனையைச் சார்ந்த கருவியின் ஆயுள் அம்முனையின் ஆயுளே.

பழையதை மீட்கும் வழி

பெரியவரின் பெட்டியைத் திருப்பிப் பார்த்தேன். பின்புறத்தில் ‘ஆக்ஸ்’ எனக் குறிக்கப்பட்ட 3.5 மில்லிமீட்டர் துளை இருந்தது. இது காதொலிப்பான்களுக்கு உள்ள அதே அளவுத் துளை. இரு முனையிலும் அதற்கேற்ற செருகி உள்ள கம்பி, கைப்பேசிக் கடைகளில் குறைந்த விலைக்குக் கிடைக்கும். கைப்பேசியில் அத்துளை இல்லையெனில், இத்துளையில் செருகத்தக்க சிறிய புளூடூத் ஏற்பியை வாங்கலாம். கம்பி வழியே இணைக்கும்போது கைப்பேசிக்குத் தனியே மின்னேற்ற வேண்டியிருக்கும். குறை அவ்வளவே.

புதிதாக வாங்குவோர் கவனத்திற்கு

ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்பு வழிகள் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். 2017இல் சரிகம நிறுவனம் 5,000 பாடல்களை உள்ளடக்கி வெளியிட்ட ‘கார்வான்’ பெட்டி, உள்ளிருக்கும் பாடல்களோடு நில்லாமல் பண்பலை, யு.எஸ்.பி., புளூடூத் ஆகிய வழிகளையும் தந்தது. ஒரு வழி அடைபட்டாலும் மற்றொன்று திறந்திருக்கும் என்பதே இதிலுள்ள பயன்.

வாட் அளவைப் பார்க்கையில் ‘ஆர்.எம்.எஸ்.’ என்ற குறிப்புள்ள எண்ணையே கொள்ளுங்கள். தொடர்ந்து வழங்கக்கூடிய ஆற்றலை அதுவே காட்டும். ‘பி.எம்.பி.ஓ.’ என்று அட்டைப்பெட்டியில் அச்சிடப்படும் பெரிய எண், கணநேர உச்சத்தைக் குறிக்கும் விளம்பர எண் மட்டுமே.

கையில் எடுத்துச் செல்லும் ஒலிபெருக்கியில் முதலில் தளர்வது லித்தியம் மின்கலமே. அதை மாற்றித்தர வசதி உண்டா என்று கடையில் கேளுங்கள். புளூடூத் ஒலிபெருக்கிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயமாகும். ‘ஆர்’ என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் பொருளின்மீது உள்ளதா எனப் பாருங்கள். விலைப்பட்டியலைத் தவறாமல் பெற்று, உத்தரவாதக் காலம் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள்.

வட்டியில்லாத் தவணையின் கணக்கு

கடன் அட்டையில் 12,000 ரூபாய்ப் பொருளை மாதம் 1,000 வீதம் 12 தவணைகளில் ‘வட்டியின்றி’ வாங்குவதாகக் கொள்வோம். ஆண்டு வட்டி 15 சதவீதம் எனில், கணக்கில் கடனாகப் பதிவாவது ஏறத்தாழ 11,079 ரூபாய். வட்டி 921 ரூபாய். அந்த 921 ரூபாயை விற்பனையாளர் தள்ளுபடியாக முன்கூட்டியே கழித்துவிடுவதால், நமக்கு வட்டி இல்லாததுபோல் தோன்றுகிறது. ஆனால் வட்டித் தொகைமீது 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, அது சுமார் 166 ரூபாய். செயலாக்கக் கட்டணம் இருப்பின் அதுவும், அதன்மீதான வரியும் சேரும். மொத்தப் பணத்தையும் உடனே செலுத்துவோருக்குத் தள்ளுபடி உண்டெனில் அதையும் இழக்கிறோம். சுழிய வட்டி என்று ஒன்று இல்லை என்பதை இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சுட்டிக்காட்டியது.

தவணை முறையே தவறு என்பதன்று இதன் பொருள். உடனடி விலை என்ன, எல்லாச் செலவும் சேர்த்து மொத்தம் என்ன என்ற இரண்டு எண்களையும் ஒரே தாளில் எழுதி, வேறுபாட்டை அறிந்தபின் முடிவெடுங்கள். கடைசித் தவணை கட்டும் நாளிலும் பொருள் பயன்பாட்டில் இருக்குமா என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

அடுத்த மாதம் கணக்குப் புத்தகத்தில் வரவு பதிய வந்த பெரியவரிடம், “பெட்டி என்னவாயிற்று, ஐயா?” என்று கேட்டேன். கம்பி ஒன்று வாங்கினாராம். பெட்டி மீண்டும் சமையலறை அலமாரிக்கே போய்விட்டதாம். புதியதற்கு ஒதுக்கிய 12,000 ரூபாயை வைப்புத்தொகையாக இடுவதற்கான படிவத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.