லாவெண்டரின் பங்காளிகள் கண்ணமங்கலத்தில்! தெரியுமா?

வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் கண்ணமங்கலம். அங்கிருந்து மேற்கே திரும்பினால் அமிர்தி காடு, அப்புறம் ஜவ்வாது மலை. இந்த வெயிலில் எண்ணெய்க்காகப் பயிரிடும் லாவெண்டர் வளருமா? வளராது! அதற்குக் குளிர் வேண்டும். ஆனால் அதன் பங்காளிகள் இங்கே வேலி வேலியாக நிற்கிறார்கள், தெரியுமா?

யார் அந்தப் பங்காளி? நம்ம நொச்சிதான்! ஆற்றங்கரையிலும் வயல் வரப்பிலும் யாரும் தண்ணீர் ஊற்றாமலே வளர்கிறதே, அதேதான். அது பூக்கும்போது நிறத்தைக் கவனித்திருக்கிறீர்களா? சாட்சாத் லாவெண்டர் நிறம்! பிரெஞ்சுக்காரர்கள் பூச்சி வராமலிருக்கத் துணி அலமாரியில் லாவெண்டர் கொத்தை வைப்பார்கள். நம் பாட்டிகள் நெல் குதிரிலும் பயறுப் பானையிலும் நொச்சித் தழையைப் போட்டார்கள். ஒரே வேலை!

குடும்பம் இதோடு முடிந்ததா? துளசி, தும்பை, புதினா, கற்பூரவல்லி எல்லாமே லாவெண்டரின் உறவு! மொத்தம் சுமார் 7,000 இனங்கள். இன்னொரு உறவுக்காரர் யார் தெரியுமா? தேக்கு! ஆமாம், கதவுக்கும் நிலைக்கும் அறுக்கிற அதே தேக்கு! லாவெண்டர் இடுப்புயரம்கூடத் தாண்டாது. தேக்கு 30 மீட்டருக்கு மேல் போகும். பழைய தாவரவியல் புத்தகங்களில் தேக்கும் நொச்சியும் வேறு குடும்பத்தில்தான் இருந்தன. பிறகுதான் லாவெண்டர் குடும்பத்துக்கு மாற்றினார்கள்.

நம்ப முடியவில்லையா? ஒரு தும்பைச் செடியைப் பிடுங்கித் தண்டை இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பாருங்கள். உருளாது! தடக் தடக்கென்று நான்கு மூலை இடிக்கும். துளசித் தண்டும் சதுரம், தேக்கின் இளங்கிளையும் சதுரம், லாவெண்டர் தண்டும் சதுரம்!

இந்தக் குடும்பம் போருக்கும் போயிருக்கிறது, தெரியுமா? பழந்தமிழ்ப் போர்களில் கோட்டையைக் காத்து நின்றவர்கள் சூடியது நொச்சிப் பூ. எதிரெதிரே நின்று மோதியவர்கள் சூடியது தும்பைப் பூ. போரைப் பாடும் புறத்திணைகளில் இரண்டுக்கு லாவெண்டர் வீட்டுப் பிள்ளைகளின் பெயர்! இன்னொரு புறத்திணையான கரந்தை என்பது துளசிக்கு நெருங்கிய திருநீற்றுப்பச்சிலைதான் என்று சொல்வாரும் உண்டு. அப்படியானால் மூன்று! வாசனைப் பாட்டில் விற்பவர்களுக்கு இது தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவார்கள்.

லாவெண்டர் மணத்துக்கு முக்கியக் காரணம் லினலூல் என்ற பொருள். அது உங்கள் அஞ்சறைப் பெட்டியில் இருக்கிறது, தெரியுமா? தனியா! கொத்தமல்லி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் லினலூல்தான். இத்தனைக்கும் கொத்தமல்லி கேரட்டுக்குத்தான் உறவு, லாவெண்டருக்கு இல்லை!

சரி, ஜவ்வாது மலையின் சொந்த வாசனை எது? சந்தனம்! லாவெண்டர் பூவிலேயே மணக்கும். சந்தனப் பூவை முகர்ந்து பாருங்கள், அந்த வாசனை இருக்காது. பட்டையிலும் கிடையாது. நடுவே வைரம் பாய்ந்த கட்டையில் மட்டும்தான், அதுவும் பல வருடம் காத்திருந்தால்! இன்னொரு கூத்து: சந்தன மரம் பக்கத்து மரங்களின் வேரில் தன் வேரைச் செருகி உறிஞ்சிப் பிழைக்கிறது! இந்தத் திருட்டு மரத்தைத் திப்பு சுல்தான் 1792-ல் அரசருக்கே உரிய மரமாக அறிவித்தார். மலையின் மறுபுறம் திருப்பத்தூரில் இதற்கென்றே அரசுக் கிடங்கு இருக்கிறது!

இந்தியாவில் லாவெண்டரே இல்லையா? இருக்கிறது! தக்காணத்தில் காட்டு லாவெண்டர் இனங்கள் தாமாகவே வளர்கின்றன. எண்ணெய்க்காகப் பயிராகும் லாவெண்டரோ ஜம்முவின் தோடா மாவட்டத்துப் பதர்வாவில்! மக்காச்சோளம் போட்ட விவசாயிகள் பலர் அங்கே இதற்கு மாறினார்கள். 2016-ல் மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி மன்றம் தொடங்கிய நறுமணத் திட்டம் இதற்குக் கைகொடுத்தது. அதற்கு வைத்த பெயரே ஊதாப் புரட்சி! ஒரு கிலோ எண்ணெய் எடுக்க 100 கிலோவுக்கு மேல் பூ வேண்டும்!

சோப்பில் மணப்பது அசல் லாவெண்டரா? பெரும்பாலும் இல்லை! லாவண்டின் என்ற கலப்பினம். அதற்கு விதையே பிடிக்காது. தலைமுறை தலைமுறையாகக் கிளையை வெட்டி நட்டே பிழைக்கிறது!

லாவெண்டரின் இளம் ஊதா போன்ற நிறத்தை ஆலையில் செய்யக் கற்றுக்கொடுத்தவருக்கு அப்போது என்ன வயது தெரியுமா? 18! மலேரியாவுக்குக் கொயினா செய்யப் போன வில்லியம் பெர்கின், 1856-ல் தற்செயலாக மோவ் என்ற ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்தார். காய்ச்சல் மருந்து வரவில்லை. லண்டன் பாரிஸ் பெண்களின் உடுப்பெல்லாம் ஊதாவானது!

கடைசியாக ஒன்று. சிங்கப்பூரில் லவெண்டர் என்று ஒரு தெருவும், 1989-ல் திறந்த ரயில் நிலையமும் உண்டு. லிட்டில் இந்தியாவுக்குப் பக்கம்தான். அங்கே லாவெண்டர் தோட்டம் இருந்ததா? இல்லவே இல்லை! இருந்தவை காய்கறித் தோட்டங்கள். அவற்றுக்குப் போட்ட உரம் மனித மலம்! மூக்கைப் பொத்தாமல் நடக்க முடியாத தெருவுக்குக் கிண்டலாக வைத்த பெயராம் அது!