பிள்ளைக்கு ஆராய்ச்சி ஸ்கேன்: கையெழுத்துப் போடும் முன்

மைக்ரேன் தலைவலி உள்ள பிள்ளைக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ஸ்கேன் வேறு, ஆராய்ச்சிக்காக எடுக்கும் ஸ்கேன் வேறு. இரண்டுமே ஒரே எம்ஆர்ஐ அறையில் நடப்பதால் பெற்றோர் பலருக்கு இந்த வேறுபாடு புரிவதில்லை. 'காசில்லாமல் மூளையைப் பார்த்துக் காரணத்தைச் சொல்லிவிடுவார்கள்' என்று நம்பிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

மைக்ரேனைக் காட்டும் ஸ்கேன் எதுவும் இல்லை. அறிகுறிகளைக் கேட்டு, நரம்புகளைப் பரிசோதித்துத்தான் மருத்துவர் முடிவுக்கு வருகிறார். பெரியவர்களுக்குக் குறைந்தது 4 மணி நேரம் நீடிக்கும் வலி, பிள்ளைகளுக்கு 2 மணி நேரத்தில் அடங்கிவிடலாம். ஒரு பக்கம் மட்டுமின்றி நெற்றி முழுவதும் வலிக்கலாம். மாலையில் பிள்ளை ஓடியாடி விளையாடுவதைப் பார்த்து, காலையில் பள்ளிக்கு மட்டம் போட நடித்ததாகத் திட்டுவது பெரிய அநியாயம். தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, காலை வாந்தி, வலிப்பு, நடையில் தடுமாற்றம், கை கால் பலவீனம், பார்வைக் கோளாறு, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை இருந்தால், எந்த ஆராய்ச்சிக்கும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஆராய்ச்சி தேடுவது வேறொன்றை: வலி எங்கே, எப்படித் தொடங்குகிறது? 2016இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், மைக்ரேன் உள்ள ஒருவரின் மூளையை ஒரு மாதம் நாள்தோறும் படமெடுத்தார்கள். வலி தொடங்குவதற்கு முன்பே ஹைபோதலாமஸ் என்னும் மூளைப் பகுதியின் இயக்கம் மாறியிருந்தது. ஆனால் அவர் வயது வந்தவர். வளரும் மூளை அப்படியே நடந்துகொள்ளும் என்று சொல்ல முடியாது. அதோடு, பருவமடையும் வரை ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் ஏறக்குறைய சமமாக இருக்கும் மைக்ரேன், அதன்பின் ஆண்களைவிடப் பெண்களிடம் இரண்டு மூன்று மடங்கு அதிகமாகிறது. ஏன் என்று அறிய இந்த வயதினரைத்தான் படமெடுக்க வேண்டும். ஆகவே இந்த ஆராய்ச்சி தேவை. பிள்ளைகளின் உரிமையைக் காத்து நடக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை.

எம்ஆர்ஐயில் எக்ஸ்ரே போன்ற கதிர்வீச்சு இல்லை. ஆபத்து காந்தத்தில்தான்; படமெடுக்காத நேரத்திலும் அது இழுத்துக்கொண்டே இருக்கும். 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் ஆக்சிஜன் சிலிண்டரோடு எம்ஆர்ஐ அறைக்குள் போன ஒருவர் உயிரிழந்தார். நாணயம், ஹேர்பின், கொலுசு எல்லாவற்றையும் வெளியே வைத்துவிடுங்கள். பல்லில் கம்பியோ, உடலுக்குள் கிளிப்போ காதுக் கருவியோ இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். உள்ளே 'டக் டக்'கென்று பெருஞ்சத்தம் கேட்கும். சத்தமே பொறுக்காத மைக்ரேன் பிள்ளைக்கு அது சாதாரணமல்ல. காதடைப்பான் கேளுங்கள். கையில் ஒரு ரப்பர் பந்து கொடுப்பார்கள்; பயந்தால் அதை அமுக்கலாம், உடனே வெளியே எடுப்பார்கள் என்று பிள்ளையிடம் சொல்லி அனுப்புங்கள். மயக்க மருந்தோ, படம் தெளிவாகத் தெரியப் போடும் கான்ட்ராஸ்ட் ஊசியோ உண்டா, எதற்காக என்றும் கேளுங்கள்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது. 7 முதல் 12 வயதுவரை பிள்ளையின் வாய்மொழிச் சம்மதமும், அதற்கு மேல் 18 வயதுவரை எழுத்துமூலச் சம்மதமும் வேண்டும். தனக்கு நேரடிப் பலன் இல்லாத ஆய்வில் பிள்ளை 'வேண்டாம்' என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். அப்பா அம்மா வற்புறுத்தவும் கூடாது. பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆராய்ச்சிக்கான பரிசோதனைக்கு உங்களிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வால் பாதிப்பு நேர்ந்தால் இலவச சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு. ஸ்கேனில் எதிர்பாராத கட்டியோ கோளாறோ தெரிந்தால் யார் சொல்வார்கள், அடுத்து எங்கே அனுப்புவார்கள் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

ஆய்வைப் பற்றிய தகவல் தாள் உங்களுக்குப் புரியும் தமிழில் இருக்க வேண்டும். அதன் நகலும் கையெழுத்திட்ட படிவத்தின் நகலும் உங்கள் கைக்கு வர வேண்டும். ஆராய்ச்சியாளரின் தொலைபேசி எண்ணோடு, ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவைத் தொடர்புகொள்ளும் விவரமும் அந்தத் தாளில் இருக்கும். குறை இருந்தால் குழுவின் உறுப்பினர் செயலருக்குத் தேதி குறிப்பிட்டு எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்குங்கள். குழுவின் தலைவர் அந்த நிறுவனத்தைச் சேராத வெளியாளாக இருக்க வேண்டும் என்பது விதி. அதனால், அதே மருத்துவமனையில்தானே சிகிச்சைக்கும் போக வேண்டும் என்று தயங்கிப் புகாரைக் கைவிட வேண்டியதில்லை.