ஆறு கொண்டுபோன நிலம்: அஸ்ஸாம் விவசாயிகள் இழப்பது என்ன?

ஒவ்வோர் ஆண்டும் பருவமழைக் காலத்தில் அஸ்ஸாம் வெள்ளக் காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்க்கிறோம். மூழ்கிய வீடுகள், நிவாரண முகாம்கள், படகில் செல்லும் மக்கள். தண்ணீர் வடிந்ததும் செய்தியும் நின்றுவிடுகிறது. பிரம்மபுத்திரா கரையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கோ பெரிய ஆபத்து பல நேரம் அதன் பிறகுதான் வருகிறது.

வெள்ளம் வேறு, கரை அரிப்பு வேறு. வெள்ளம் பயிரை அழிக்கும், நிலம் மிஞ்சும். வண்டல் படிந்தால் அடுத்த சாகுபடிக்கு நல்லது. மணல் மூடினால் நிலம் தரிசாகும். அரிப்பு நிலத்தையே கொண்டுபோய்விடும். பிரம்மபுத்திராவின் கரைகள் பெரும்பாலும் மணலும் வண்டலும் கலந்த இளகிய மண். நீர்மட்டம் இறங்கும்போது, ஊறிக் கனத்த கரை பிடிமானம் இழந்து சரிகிறது. வயல் இருந்த இடத்தில் ஆறு ஓடுகிறது.

1950 ஆகஸ்ட் 15 அன்று 8.6 ரிக்டர் அளவில் ஏற்பட்ட நிலநடுக்கம் இதைத் தீவிரமாக்கியது. மலைகளிலிருந்து சரிந்த மண் ஆற்றில் சேர்ந்து படுகையை உயர்த்தியது. ஆறு பக்கவாட்டில் விரிந்தது. மாநில அரசின் கணக்குப்படி, 1950 முதல் 4.27 லட்சம் ஹெக்டேர் நிலம் அரிக்கப்பட்டுள்ளது. இது மாநிலப் பரப்பில் 7 சதவீதத்துக்கும் மேல்.

அரித்த மண்ணை ஆறு வேறிடத்தில் திட்டாகச் சேர்க்கிறது. 'சர்' எனப்படும் இத்திட்டுகளில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் வங்காள வம்சாவளி முஸ்லிம் விவசாயிகள். பல திட்டுகள் முறையாக அளக்கப்படவில்லை. அதனால் பட்டாவும் இல்லை. பட்டா இல்லாதவருக்கு வங்கிக் கடனும் இழப்பீடும் எளிதில் கிடைப்பதில்லை. பட்டா இருந்தவர் நிலையும் கடினம்தான்: காகிதத்தில் நிலம் இருக்கும், கண்ணெதிரே இருக்காது. வேறு வழியின்றி அரசு நிலத்தில் குடிசை போட்டால் 'ஆக்கிரமிப்பாளர்' என்ற பெயர் வந்துவிடுகிறது.

குடியுரிமைப் பிரச்சினையும் இதில் கலந்திருக்கிறது. தேசியக் குடிமக்கள் பதிவேட்டுக்கு 1971 மார்ச் 24 நள்ளிரவுக்கு முந்தைய ஆவணங்கள் கேட்கப்பட்டன; நில ஆவணமும் அவற்றில் ஒன்று. ஊரே ஆற்றில் போய், பலமுறை இடம் பெயர்ந்த குடும்பம் பழைய காகிதங்களைக் காப்பாற்றி வைப்பது எவ்வளவு கடினம்! 2019 ஆகஸ்ட் 31 அன்று வெளியான இறுதிப் பட்டியலில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோர் விடுபட்டனர்.

15வது நிதிக்குழு, அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களின் மறுகுடியமர்வுக்கு 1,000 கோடி ரூபாய் பரிந்துரைத்தது. இது நல்ல தொடக்கம். ஆனால் திட்டுகளை அளந்து பட்டா வழங்காமல், நிலமிழந்தோரை ஊர்வாரியாகக் கணக்கெடுக்காமல், பணம் உரியவரைச் சேர்வது கடினம்.

வெள்ளக் காலத்தில் அரிசியும் போர்வையும் அனுப்ப நாம் தயங்குவதில்லை. அவை அவசியமே. அத்துடன் ஆவணங்களின் சான்றிட்ட நகல் பெறவும், மனு எழுதவும், வழக்கு நடத்தவும் உதவுபவர்களுக்கும் தோள் கொடுப்போம். வயிற்றுப் பசி சில நாளில் தீரலாம். நிலத்தின் மீதான உரிமை போனால் அடுத்த தலைமுறையும் அதைச் சுமக்க நேரும்.