'படம் எப்படி?'ன்னு யாரைக் கேக்கறீங்க?

"படம் எப்படி?"

வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் தமிழ்நாட்டில் இதைவிட அதிகமாகக் கேட்கப்படுகிற கேள்வி வேறு இருக்க முடியாது. 'சாப்டாச்சா?'வுக்கே அன்றைக்கு இரண்டாவது இடம்தான்.

பதில்களும் மொத்தம் மூன்றுதான். 'சூப்பர்', 'அறுவை', 'ஒரு தடவை பார்க்கலாம்'. இந்த மூன்றாவது பதில் இருக்கே... பெண் பார்த்துவிட்டு பஜ்ஜி, சொஜ்ஜி எல்லாம் சாப்பிட்டு முடித்து, 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று கிளம்புகிற மாதிரி. சொன்னவர் தப்பித்தார், கேட்டவர் மாட்டினார்!

தமாஷை விடுங்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள் என்று குடும்பத்தோடு ஒரு படத்துக்குப் போனால் டிக்கெட், பார்க்கிங், பாப்கார்ன் எல்லாம் சேர்ந்து ஒரு கேஸ் சிலிண்டர் விலையைத் தாண்டிவிடுகிறது. சிலிண்டராவது ஒரு மாசம் எரியும். படம் மோசமென்றால் வயிறு மட்டும்தான் எரியும்.

ஆகவே, 'படம் எப்படி?' என்று கேட்பதற்கு முன்னால், 'சொல்கிற ஆள் எப்படி?' என்று பார்த்துக்கொள்வது நல்லது. நான் பி.காம்.காரன். எதையும் கணக்கெழுதிப் பார்த்தால்தான் புரியும். தெரிந்தவர்கள் ஒவ்வொருத்தருக்கும் மனசுக்குள் பேரேட்டில் ஒரு பக்கம் போட்டு வைத்திருக்கிறேன்.

முதல் பக்கம், எதிர்வீட்டு மாமி. அவருக்கு அளவுகோல் கர்ச்சீப். பாதி நனைந்தால் நல்ல படம், முழுசும் நனைந்தால் வெள்ளி விழா. போன லீவில் ஒரு படம் பார்த்துவிட்டு வந்தவர், "என்னமோ போ, தியேட்டர்ல எல்லாரும் சும்மா சிரிச்சிண்டே இருக்கா!" என்று முகத்தைச் சுளித்தார். அன்று சாயங்காலமே குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் படத்துக்குக் கிளம்பிவிட்டேன். மாமியின் சுளிப்பு வீண் போகவில்லை.

இரண்டாவது பக்கம், ஒரு நண்பர். பாட்டு ஆரம்பித்தால் டீ குடிக்க எழுந்துவிடுவார். 2019 தீபாவளிக்கு 'கைதி' வந்ததே, அதில் பாட்டே கிடையாது. "அநியாயம் சார், இன்டர்வெல் வரைக்கும் ஒரு டீ குடிக்க விடலை!" என்று புலம்பினார். இதைவிட நல்ல சிபாரிசு வேறென்ன வேண்டும்?

மூன்றாவது பக்கம்தான் கொஞ்சம் கஷ்டம். டிசம்பர் மாசம் சென்னைத் திரைப்பட விழா வந்தால் கழுத்தில் அட்டையை மாட்டிக்கொண்டு காணாமல் போகிற நண்பர். அவர் சொல்லுகிற படங்களின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொன்னால்தான் காதில் விழும். ஒரு நாள், "இரானியப் படம். கியாரஸ்தமி எடுத்தது, 1987ல. ஒரு பையன் கூடப் படிக்கிறவனோட நோட்டு மாறி வந்துடுச்சுன்னு திருப்பிக் குடுக்க அலையறான்" என்றார்.

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? அவ்வளவுதான்."

'நண்பனின் வீடு எங்கே' என்று அர்த்தம் வரும் தலைப்பு. சண்டை கிடையாது, காமெடி கிடையாது. வேண்டா வெறுப்பாகத்தான் போட்டேன். மூணாவது படிக்கிற என் பையன் ஹோம்வொர்க்கை மூடிவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். நோட்டு இல்லாமல் போனால் அந்த இன்னொரு பையனைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிடுவேன்னு வாத்தியார் மிரட்டியிருக்கிறார். படம் முடிகிற வரை இவன் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தான். பாஷை புரியாத படம், பயம் மட்டும் நன்றாகப் புரிந்தது.

அன்றிலிருந்து மூன்றாவது பக்கத்தில் வரவு கூடிக்கொண்டே வருகிறது.

ஒரே ருசி உள்ளவர்கள் பேசிக்கொண்டால் தலையாட்டுவதோடு சரி. வேறு ருசிக்காரர் சொன்னால்தான் நாம் எட்டிப் பார்க்காத தெருவுக்கு வழி தெரியும். ஆனால் காது கொடுக்க வேண்டுமே! எங்கள் வீட்டில் இரண்டு சித்தப்பாக்கள். 1991 தீபாவளிக்கு 'தளபதி'யும் 'குணா'வும் ஒரே நாளில் ரிலீஸ். இரண்டுக்கும் இளையராஜாதான். ஆனாலும் வீட்டில் இரண்டு கட்சி. ரஜினி சித்தப்பா 'குணா' ஓடிய தியேட்டர் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

2024ல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' என்ற மலையாளப் படம் வந்து, குணா குகையையும் அந்தப் பாட்டையும் மறுபடி எல்லார் வாயிலும் போட்டது. பெரியவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து 'குணா'வை முழுசாகப் பார்த்தார். முடிந்ததும் தம்பியிடம், "ஏண்டா, இவ்வளவு நல்லா இருக்கும்னு நீ சொல்லவே இல்லையே?" என்றார்.

"முப்பத்திரண்டு வருஷமா அதைத்தானே சொல்லிட்டு இருக்கேன்!"

இது வெறும் வீட்டுச் சண்டை. ஆனால் நம்ம வாய்வார்த்தையில் சில பேருடைய பிழைப்பே இருக்கிறது. 1999 டிசம்பரில் 'சேது' வெளிவந்தபோது வாங்க ஆளில்லாமல் தவித்த படம் அது. சென்னையில் கிடைத்தது பகல் காட்சிதான். பார்த்தவர் இன்னொருத்தரிடம் சொல்லி, அவர் நாலு பேரிடம் சொல்லி, நூறு நாள் தாண்டியது. பாலா என்கிற இயக்குநர் நிலைத்தார். 1990லிருந்து முட்டி மோதிக்கொண்டிருந்த விக்ரமுக்கு வாழ்வு வந்தது.

(அதே 'சேது'வை, அப்போதுதான் நிச்சயமான ஒரு ஜோடிக்குச் சிபாரிசு செய்தார் எங்கள் உறவுக்காரர் ஒருவர். இரண்டு பேரும் வீங்கின கண்ணோடு திரும்பி வந்தார்கள். நல்ல படம்தான், ஆள் பார்த்துச் சொல்ல வேண்டாமா?)

இதற்கு நேர்மாறு 'அன்பே சிவம்'. 2003 பொங்கலுக்கு வந்தது. கூட்டமெல்லாம் விக்ரமின் 'தூள்' பக்கம். இன்று டி.வி.யில் எப்போது போட்டாலும், "என்ன படம் சார்!" என்று உருகுகிறோம். இருபது வருஷம் கழித்துப் போடுகிற மார்க் கலெக்‌ஷனில் சேராதே! அன்றைக்கே பிடித்துப்போனவர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். சுற்றி இருக்கிறவர்கள் 'போர்' என்றதும், நமக்கேன் வம்பு என்று வாயை மூடிக்கொண்டிருப்பார்கள்.

இப்போது அவகாசம் இன்னும் குறைவு. முதல் காட்சி இடைவேளையிலேயே தீர்ப்பு வந்துவிடுகிறது. முதல் மூன்று நாளைக்கு யாரும் விமர்சனம் போடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் 2024ல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனார்கள். தடை கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் பக்கத்து வீட்டு மாமியை யார் தடுப்பது?

சொல்வதை யாரும் நிறுத்த முடியாது. கேட்கிற விதத்தை மாற்றலாம். 'நல்லா இருக்கா?' என்று கேட்காதீர்கள். 'எந்த இடத்துல நெளிஞ்சீங்க? எந்த இடத்துல சீட் நுனிக்கு வந்தீங்க? எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போகலாமா?' என்று கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை அவர் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பத்துப் படம் போனால், அவருடைய 'அறுவை'க்கு உங்கள் பாஷையில் என்ன அர்த்தம் என்று தெரிந்துவிடும்.

உங்களுக்கு ஒரு படம் பிடித்திருந்தால், ஊரே உதட்டைப் பிதுக்கினாலும் வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்... திங்கட்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கிழமை போஸ்டர் மாறிவிடும்!