பில் போடும் புரோகிராமை நாமே எழுதலாமா?



நமது சங்க உறுப்பினர்கள் சிலர் என்னைக் காணும்போதெல்லாம் ஒன்று கேட்கிறார்கள். "கரியமாணிக்கத்தில் உட்கார்ந்துகொண்டு நீங்களே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதி பில் போடுகிறீர்களாமே, நிஜமா?" பாதி நிஜம். எழுதியது என் பேத்தி. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இது வேண்டும், அது வேண்டாம் என்று சொன்னது நான். பிறகு அவள் ஊரில் இல்லாத நாட்களைச் சமாளிக்க நானும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். பத்தாவது வரை படித்து, அப்பாவிடம் பேரேடு எழுதப் பழகியவன் நான்.

இந்த வேலையில் இறங்கக் காரணம் ஆசையல்ல, அடி. புதுவையில் 2007-ல் வாட் வரி வந்தது. மறு ஆண்டு, வெளியூர்க்காரர் ஒருவரிடம் ரெடிமேடு பில்லிங் புரோகிராம் வாங்கினேன். விஷுவல் பேசிக்கில் எழுதியது. நன்றாகத்தான் ஓடியது. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அதை மாற்றித் தரச் சொல்லப் போனால் ஆளும் இல்லை, அவர் கடையும் இல்லை. மூல நிரல், அதாவது அவர் எழுதிய அசல், என் கையில் இல்லை. கணக்குக் கோப்புக்கு அவர் போட்ட பாஸ்வேர்டும் தெரியாது. ஒன்பது வருடக் கணக்கு உள்ளே பூட்டிக் கிடந்தது. 43 கடைக்காரர்களின் பாக்கியை, திரையில் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்து நோட்டில் எழுதினோம். மூன்று வாரம் ஆயிற்று. இரண்டு பேர் "அவ்வளவு பாக்கி இல்லையே" என்றார்கள். எதிர்த்துக் காட்ட என்னிடம் தாள் ஒன்றுமில்லை. தள்ளிக் கொடுத்தேன்.

வியாபாரக் குடும்பமே தனக்கு வேண்டியதை எழுதிக்கொள்வது புதிதல்ல. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்பவர் ஆலைகளுக்கு மூலப்பொருளும் இயந்திர உதிரிபாகமும் விற்று வந்தார். தன் கணக்குக்குத் தோதான புரோகிராம் கிடைக்கவில்லை. கணிதம் படித்த மகன் பாரத் கோயங்காவிடம் எழுதச் சொன்னார். 1986-ல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் அது நிறுவனமானது. 1999-ல் டாலி சொல்யூஷன்ஸ் என்று பெயர் மாறியது. 2020-ல் மகனுக்கு பத்மஸ்ரீ கிடைத்தது. நம்மில் பலர் ஆடிட்டரிடம் கொண்டுபோய்க் கொடுக்கும் டாலி அதுதான். முழுக் கணக்கும் வேண்டுவோர் அதைப் போன்ற ஒன்றை வாங்குவதே நல்லது. நாங்கள் எழுதியது பில், இருப்பு, பாக்கி இந்த மூன்றுக்கு மட்டும்.

பேத்தி எடுத்துக்கொண்டது பைதான் மொழி. விண்டோஸில் அதை நிறுவும்போதே, திரையில் ஜன்னலும் பொத்தானும் வரைய 'டிகின்டர்' என்ற பகுதி கூடவே வருகிறது. கணக்கைச் சேர்த்து வைக்க 'எஸ்.கியூ.லைட்'. இரண்டும் இலவசம். நோட்டில் நான் சிட்டை வரைந்து கொடுத்தேன்: மேலே கடைக்காரர் பெயர், நடுவில் சரக்கு வரிசை, கீழே மொத்தம். அதை அப்படியே திரையில் பெட்டிகளாக அடுக்கினாள்.

எனக்குப் பிடிபடாமல் இருந்தது ஒன்றுதான். புரோகிராம் என்றால் மேலிருந்து கீழே வரிசையாக ஓடுவது என்று நினைத்திருந்தேன். ஜன்னல் வைத்த புரோகிராம் அப்படி ஓடுவதில்லை. திறந்ததும் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆள் வந்து பொத்தானை அழுத்தினால் அந்தப் பொத்தானுக்கு எழுதிய வேலையைச் செய்துவிட்டு மறுபடி காத்திருக்கும். கல்லாவில் நாம் உட்கார்ந்திருப்பதும் இப்படித்தானே? இது புரிந்த பிறகு மீதி சுலபமாக வந்தது. மவுஸ் வேண்டாம் என்று மட்டும் பிடிவாதமாகச் சொன்னேன். எண்ணெய் டின்னைத் தொட்ட கை, மவுஸை எங்கே தேடும்? என்டர் விசையைத் தட்டினால் அடுத்த பெட்டிக்குப் போக வேண்டும்.

முதல் வாரமே மொத்தத்தில் பைசா இடித்தது. பத்துப் பைசாவையும் இருபது பைசாவையும் ரூபாய்க் கணக்கில் கூட்டச் சொன்னால், 0.30000000000000004 என்றது பைதான். மிஷினில் கோளாறு என்று நினைத்தேன். கோளாறில்லை. நாம் ஒன்றை மூன்றால் வகுத்தால் 0.333 என்று முடிவில்லாமல் போகிறதல்லவா? இரண்டின் அடுக்குகளில் கணக்குப் பார்க்கும் கம்ப்யூட்டருக்கு, பத்தில் ஒன்று அப்படிப்பட்ட எண். "தாத்தா, எல்லாவற்றையும் பைசாவிலேயே வைத்துக்கொள்வோம், அச்சடிக்கும்போது ரூபாயாக மாற்றிக்கொள்ளலாம்" என்றாள். எடையையும் கிராமிலேயே வைத்தோம்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய தொல்லை. நம் கொம்யூன்களைச் சுற்றிலும் தமிழ்நாட்டு எல்லை. இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கடைக்காரர் அன்றாடம் பார்க்கும் மனிதர்தான். ஆனால் சரக்கு தமிழ்நாட்டில் போய் இறங்கினால் அது வெளிமாநில விற்பனை, ஐ.ஜி.எஸ்.டி. போட வேண்டும். வெளியூர் புரோகிராம் எழுதுபவருக்கு இது சட்டென்று தோன்றாது. ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் 34 என்றால் புதுவை, 33 என்றால் தமிழ்நாடு. 33 என்று வந்தால் எங்கள் திரையில் அந்தப் பெட்டி மஞ்சளாகி, சரக்கு எங்கே இறங்குகிறது என்று கேட்கும்.

பெரிய சோதனை 2025 செப்டம்பர் 22-ல் வந்தது. நெய்க்கும் வெண்ணெய்க்கும் 12 சதவீதம் 5 ஆயிற்று. பிஸ்கட், குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசைக்கு 18 சதவீதம் 5 ஆயிற்று. முதலில் எழுதியபோது வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே போட்டிருந்தாள். நான்தான், "வரி மாறாமல் இருந்த காலம் உண்டா?" என்று கேட்டு, தனிப் பட்டியலாக வைக்கச் சொன்னேன். சரக்கு, விகிதம், எந்தத் தேதி முதல் என்று மூன்று கட்டம். அன்று காலை புதிய வரிகளைச் சேர்த்தோம், பழையதை அழிக்கவில்லை. ஆகஸ்டில் விற்ற பிஸ்கட் பெட்டி அக்டோபரில் திரும்பி வந்தபோது, பழைய பில் தேதியைப் பார்த்து 18 சதவீதத்திலேயே கிரெடிட் நோட்டு வந்தது. சட்டப்படியும் அதுதான் சரி.

தமிழில் சரக்குப் பெயர் வைக்கலாமா என்று கேட்பீர்கள். தாராளமாக. ஒரே சங்கடம், யூனிகோடு எண் வரிசைப்படி அடுக்கினால் 'ன' எழுத்து 'ப'வுக்கு முன்னாலும், 'ற' எழுத்து 'ர'வை ஒட்டியும் வந்துவிடும். நாங்கள் ஒவ்வொரு சரக்குக்கும் வரிசை எண் கொடுத்துத் தப்பித்தோம்.

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை என்பவர்களுக்கு: கணியம் அறக்கட்டளை தமிழிலேயே கணினி நூல்களை இலவச மின்நூலாகத் தருகிறது. விழுப்புரத்தில் வி.ஜி.எல்.யு.ஜி. என்ற கட்டற்ற மென்பொருள் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து வருகிறார்கள். எதைப் படித்தாலும், முதல் ஆறு மாதம் கைச்சிட்டையையும் விடாமல் எழுதி, இரவில் இரண்டையும் ஒத்துப் பாருங்கள். நாங்கள் அப்படித்தான் செய்தோம். பதினோரு தவறு அகப்பட்டது. அவற்றில் நான்கு என் கைச்சிட்டையில் இருந்தவை.

இப்போது கடை மூடியதும் கணக்கு பென் டிரைவில் ஏறி, கடையில் தங்காமல் வீட்டுக்கு வந்துவிடுகிறது. மாதம் முதல் தேதி பாக்கிப் பட்டியலைத் தாளில் அடித்து, அந்தந்தக் கடைக்காரரிடம் கையெழுத்து வாங்கி வைக்கிறேன். நிரலின் அசல் பிரதி, பாஸ்வேர்டு எழுதிய தாளோடு, பீரோவில் பத்திரங்களுடன் இருக்கிறது.