சுருங்க மறுக்கும் துணி

மகளுக்குப் பொம்மை வீடு செய்துகொண்டிருக்கும் வாசகி ஒருவர், ஜன்னல் திரை மட்டும் அட்டை மாதிரி விறைத்து நிற்கிறதே, என்ன செய்வது என்று கேட்டு எழுதியிருக்கிறார். இந்தக் கலையின் சிக்கல் முழுவதும் அந்தத் திரையில்தான் இருக்கிறது.

இங்கிலாந்தின் வின்ட்சர் கோட்டையில் மேரி ராணியின் பொம்மை வீடு இருக்கிறது. புது டெல்லியை வடிவமைத்த எட்வின் லுட்யன்ஸ், அந்த வேலைக்கு நடுவிலேயே 1921 முதல் 1924 வரை இதையும் உருவாக்கினார். அடிக்கு ஓர் அங்குலம் என்பது கணக்கு. லிஃப்ட் ஓடும், விளக்கு எரியும், கழிப்பறையில் தண்ணீர் இறங்கும். அதன் நூலகத்துக்கென்றே கோனன் டாயில் ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதை எழுதிக் கொடுத்தார்.

அந்தக் குழாய்களை நினைத்து நான் வியக்காத நாளில்லை. நீளத்தைப் பன்னிரண்டில் ஒன்றாக்கினால் கன அளவு 1,728இல் ஒன்றாகிவிடும். மரத்தை அந்தக் கணக்குக்கு இழைத்துவிடலாம். தண்ணீரின் பரப்பு இழுவிசையை என்ன செய்வது? குழாய்வாய் பன்னிரண்டில் ஒன்றாகச் சிறுத்தாலும், அதிலிருந்து சொட்டும் துளியின் குறுக்களவு பாதிக்குச் சற்றுக் கீழேதான் குறையும். அந்த வீட்டு ஆளுக்கு ஒவ்வொரு சொட்டும் பூதாகரமானது.

துணியும் அப்படித்தான். சாதாரணப் பருத்தித் துணி 0.3 மில்லிமீட்டர் தடிப்பு என்றால், பொம்மையின் கணக்கில் அது மூன்றரை மில்லிமீட்டரைத் தாண்டும். அது திரையல்ல, ஜமக்காளம். எங்கள் வீட்டு வாசலில் வெயிலுக்குப் பவானி ஜமக்காளம் தொங்கும், மடிப்பே விழாது. மேலும், மடிப்பு விழுவது துணி தன் எடையால் தொய்வதால். திரையின் எடை 144இல் ஒரு பங்காக இளைத்துவிடுகிறது, நூலின் விறைப்போ அப்படியே இருக்கிறது.

ஆகவே மெல்லிய பட்டையோ மல் துணியையோ எடுங்கள். கஞ்சியில் நனைத்து, தெர்மாகோல் மேல் மடிப்பு மடிப்பாகக் குண்டூசி குத்தி, முழுக்கக் காய்ந்தபின் ஊசிகளை எடுங்கள். மரத்திலும் இதே கவனம் வேண்டும்: தேக்கின் ரேகை பொம்மை நாற்காலியில் தடித்துத் தெரியும். மேல்நாட்டுக் கைவினைஞர்கள் ரேகை நெருக்கமான பேரி மரத்தைத் தேடிப்போவது அதனால்தான்.

கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் பொம்மை பீரோக்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. பலவற்றில் இழுப்பறை இருக்க வேண்டிய இடத்தில் கோடுதான் இருக்கிறது. குழந்தை முதலில் இழுத்துப் பார்ப்பது அந்தக் கைப்பிடியைத்தானே! அதன் ஆர்வத்துக்கு இப்படியா பதில் சொல்வது? மூன்று தீப்பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றின் உள்பெட்டியிலும் ஒரு பாசிமணியைக் கோத்துக் கட்டினால், நிஜமாகவே திறந்து மூடும் அலமாரி கிடைத்துவிடும்.