மழைக்காடு பார்க்க வேல்ஸ் போலாமா? பாசி, கல்பாசி, கூடவே கொஞ்சம் ஆடுகள்!

மழைக்காடு என்றதும் என்ன ஞாபகத்துக்கு வரும்? அமேசான், அனகோண்டா, கசகசவென்று வியர்வை. ஜூலை மாதத்திலும் கையில் ஒரு ஸ்வெட்டர் வைத்துக்கொள்ள வேண்டிய வேல்ஸில் மழைக்காடு இருக்கிறது என்றால், 'சும்மா அடிச்சு விடாதீங்க பாஸ்' என்றுதான் சொல்வீர்கள். நிஜமாவே இருக்கு. லண்டன் ஐ, பிக் பென் எல்லாம் ரீல்ஸில் பார்த்துச் சலித்தவர்கள், முக்கியமாக மான்செஸ்டர், லிவர்பூல் பக்கம் படிக்கப் போயிருக்கும் நம்ம பசங்க, ஒரு வார இறுதியை இதற்கு ஒதுக்கலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. குளிர்ப் பிரதேசத்துக் காடு ஒன்றை மழைக்காடு என்று சொல்ல, பொதுவாக ஆண்டுக்கு 1,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்ய வேண்டும் என்பார்கள். சென்னையின் ஆண்டு சராசரியே கிட்டத்தட்ட 1,400 மி.மீ.தான்! அப்போ தி.நகரில் ஏன் பாசி படரவில்லை? நமக்கு மழையின் பெரும்பகுதி சில வாரங்களில் கொட்டித் தீர்த்துவிடும். மிச்ச நாளெல்லாம் வெயில் காய்ச்சி எடுக்கும். அங்கே அட்லான்டிக் கடலில் இருந்து வரும் ஈரக்காற்று வருடம் முழுக்க விட்டுவிட்டுத் தூறிக்கொண்டே இருக்கும். குளிர்காலத்தில் கடும் உறைபனி கிடையாது, கோடையில் தரை காயாது. எவ்வளவு பெய்யுது என்பதைவிட, எத்தனை நாள் ஈரமா இருக்கு என்பதுதான் மேட்டர்.

சரி, எங்கே இருக்கு? வேல்ஸின் வடமேற்கில் எரரி தேசியப் பூங்கா. ஸ்னோடோனியா என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2022-ல் பூங்கா நிர்வாகம், இனி வெல்ஷ் பெயரையே பயன்படுத்துவோம் என்று முடிவெடுத்துவிட்டது. அதற்குள் ஃபெஸ்டினியோக் பள்ளத்தாக்கு. அங்கே மைன்டூரோக் என்ற குட்டிக் கிராமம். அதைச் சுற்றித்தான் நாம் பார்க்கப்போகும் காடுகள். பள்ளத்தாக்கின் வடக்குச் சரிவில் இருப்பது கோய்டித் மைன்டூரோக். தெற்குப் பக்கம், ப்ரிசோர் ஆறு பாறையை அறுத்துக்கொண்டு இறங்கும் இடுக்கில் இருப்பது கோய்ட் வெலின்ரிட்.

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். 'கோய்ட்' என்றால் காடு, 'அவான்' என்றால் ஆறு, 'லின்' என்றால் ஏரி. இந்த மூன்றும் தெரிந்தால் மேப்பில் பாதி புரிந்துவிடும். அந்த 'லின்'னில் வரும் 'ல'வும் நம்ம 'ல' இல்லை. நாக்கை 'ல' சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு, குரல் இல்லாமல் காற்றை மட்டும் பக்கவாட்டில் ஊதணும். நம்ம 'ழ'வை மற்றவர்கள் படுத்தும் பாடு தெரியும்ல? அதே கதைதான். 2021 கணக்கெடுப்பின்படி வேல்ஸில் வெல்ஷ் பேசுகிறவர்கள் சுமார் 5.38 லட்சம் பேர். இந்தப் பள்ளத்தாக்கில் கடை, பஸ், டீக்கடை பேச்செல்லாம் இன்னும் வெல்ஷ்தான். கிளம்பும்போது நன்றிக்கு ஒரு 'டியோல்ஹ்' சொல்லிப் பாருங்க, உச்சரிப்பு தப்பா இருந்தாலும் முகம் மலரும்.

உள்ளே என்ன இருக்கு?

இங்கேதான் பலர் ஏமாந்து போவார்கள். யானை, புலி கிடையாது. வானத்தை முட்டும் மரமும் கிடையாது. கோணல்மாணலான ஓக் மரங்கள். அவற்றின் மேல், கீழே பாறையில், இடிந்த கல்சுவரில் என்று எங்கே பார்த்தாலும் பச்சைப் பாசி. இந்தக் காட்டில் பெரியதைத் தேடினால் அரை மணி நேரத்தில் போர் அடிக்கும். சின்னதைத் தேடினால் ஒரு நாள் போதாது.

மரப்பட்டையில் சாம்பல் நிறத்தில், சுருங்கின காகிதம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்குமே, அதுதான் லைக்கன். 'இது என்னன்னே தெரியாதே' என்று சொல்லாதீர்கள். செட்டிநாட்டு மசாலாவில் போடும் கல்பாசி ஒரு லைக்கன்தான்! பேரில்தான் பாசி. உண்மையில் அது ஒரு பூஞ்சையும் ஒரு ஆல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம். ஆல்கா வெயிலில் சமைக்கும், பூஞ்சை வீடு கட்டிக் கொடுக்கும். நாம் வாசனைக்குப் போடும் அதே இனம் பிரிட்டனின் மேற்குப் பகுதி மரங்களிலும் வளர்கிறது. அதுக்காகப் பறிச்சு பிரியாணியில போடுற ஐடியா எல்லாம் வேண்டாம். ஒரு உள்ளங்கை அளவுக்கு வளரவே அதற்குப் பல வருடம் ஆகும்.

நுரையீரல் லைக்கன் என்று இன்னொன்று உண்டு. நனைந்தால் பளிச்சென்று பச்சையாகி, மடிப்பு மடிப்பாக நிஜ நுரையீரல் மாதிரியே இருக்கும். காற்று கெட்டுப்போனால் முதலில் காணாமல் போகிற ஆட்களில் இதுவும் ஒன்று. பாறை நிழலில் குனிந்து பார்த்தால், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் மெல்லிய பெரணி தென்படலாம். அதன் இலையின் தடிமன் ஒரே ஒரு செல்தான்! காற்றில் ஈரம் குறைந்தால் சுருண்டுவிடும். போனில் மேக்ரோ மோடு இருந்தால் இங்கே அதற்கு வேலை இருக்கு.

பருவம்? என் ஓட்டு மே மாதத்துக்கு. தரையில் நீலமணிப் பூக்கள் இருக்கும். மேற்கு ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்த கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பான் குருவிகள், கூடு கட்ட இந்த ஓக் மரப்பொந்துகளைத் தேடி வந்திருக்கும். இலை உதிர்ந்த குளிர்காலத்தில் பாசியின் பச்சை இன்னும் தூக்கலாகத் தெரியும். ஆனா நாலு மணிக்கே இருட்டிடும்.

வெலின்ரிட் காட்டுக்கு ஒரு கதையும் உண்டு. 'மபினோகி' என்ற வெல்ஷ் பழங்கதைத் தொகுப்பில் க்விடியான் என்ற மந்திரவாதி, தெற்கு நாட்டு அரசன் ப்ரிடெரியிடம் இருக்கும் பன்றிகளைக் கேட்கிறான். பதிலுக்குக் குதிரைகளும் வேட்டை நாய்களும் தங்கக் கேடயங்களும் கொடுக்கிறான். எல்லாமே மந்திரத்தில் உருவானவை, கேடயங்களோ வெறும் காளான். ஒரே நாளில் மாயம் கலைய, போர் மூள்கிறது. கடைசியில் இந்தக் காட்டோர ஆற்றுத்துறையில் நடந்த ஒத்தைக்கு ஒத்தை சண்டையில் ப்ரிடெரி சாகிறான். பன்றிக்காக ஒரு போர்!

காடு ஏன் சுருங்குது?

செங்குத்தான இடுக்கில் இருந்ததால்தான் வெலின்ரிட் தப்பித்தது. சமதளத்தில் இருந்த ஓக் காடுகள் விவசாயத்துக்கும் மரக்கரிக்கும் போயின. முதல் உலகப்போருக்குப் பிறகு, சீக்கிரம் வளரும் ஊசியிலை மரங்களை நட்டதில் இன்னும் கொஞ்சம் போனது. இப்போது மிச்சம் இருப்பது துண்டு துண்டாகத்தான்.

அந்தத் துண்டுக்கும் ஒரு எதிரி உண்டு: ரோடோடென்ட்ரான். 18-ம் நூற்றாண்டில் அழகுக்காகப் பங்களாத் தோட்டங்களில் வைத்த ஊதாப்பூ புதர், வேலி தாண்டிக் காட்டுக்குள் நுழைந்துவிட்டது. அடர்த்தியாக வளர்ந்து வெளிச்சத்தை மறைக்கும். கீழே ஒரு பாசி, ஒரு ஓக் கன்று பிழைக்காது. 2018 முதல் பூங்கா நிர்வாகத்தின் தலைமையில் இதை வெட்டி அகற்றும் பெரிய திட்டமே நடந்தது. நீலகிரியில் இதே குடும்பத்தின் காட்டுப்பூவரசு, மண்ணின் மைந்தன். வேல்ஸின் மலையில் சாதுவாக மஞ்சள் பூ பூக்கும் கோர்ஸ், ஸ்காட்ச் ப்ரூம் இரண்டும் நீலகிரிப் புல்வெளியை விழுங்கிக்கொண்டிருக்கும் ஆக்கிரமிப்புச் செடிகள். ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்டது!

அடுத்து, ஆடுகள். வேல்ஸில் மனிதர்கள் 31 லட்சம் என்றால், செம்மறி ஆடுகள் ஏறக்குறைய மூன்று மடங்கு. காட்டுக்குள் நுழைந்து முளைக்கும் கன்றுகளை எல்லாம் மேய்ந்துவிடும். பல காடுகள் இன்று, பிள்ளைகள் எல்லாம் வெளியூர் போய்விட தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் கிராமம் மாதிரி இருக்கின்றன. முழுசா வேலி போட்டுட்டா முடிஞ்சதா என்றால், அதுவும் இல்லை. மேய்ச்சலே இல்லாவிட்டால் முட்புதர் மண்டி, லைக்கனுக்கு வேண்டிய வெளிச்சம் போய்விடும். அதனால் சில இடங்களில் அளவாக மாடுகளை விட்டு மேய்க்கிறார்கள். ஆட்டை வில்லனாக்குவது எளிது. ஆனால் அந்த மலையில் பல தலைமுறைக் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. காட்டைக் காப்பாற்றும் எந்தத் திட்டமும் அந்த விவசாயிகள் கூட உட்கார்ந்து பேசாமல் நடக்காது.

எப்படிப் போறது?

ரயிலில் லாண்டிட்னோ ஜங்ஷன் போய், அங்கிருந்து கிளை ரயிலில் ப்ளைனை ஃபெஸ்டினியோக். அங்கேதான் சுவாரஸ்யம். 1836-ல் ஸ்லேட் கல் ஏற்ற ஆரம்பித்த, இரண்டு அடிக்கும் குறைவான அகலத் தண்டவாளத்தில் ஓடும் நீராவி ரயில். ஆரம்பத்தில் கல் ஏற்றிய வண்டிகள் சரிவில் தானாகவே உருண்டு துறைமுகம் போய்விடும். காலி வண்டியை மேலே இழுத்து வருவது குதிரைகள் வேலை. இறங்கும்போது குதிரைக்கும் ஒரு பெட்டி உண்டு, ஜம்முனு நின்னுட்டு வரும்! இந்த ரயிலில் டான்-அ-பூல்ஹ் ஸ்டேஷனில் இறங்கினால், பக்கத்திலேயே லின் மயர் ஏரியும் கோய்டித் மைன்டூரோக் காடும். கார் இல்லாதவர்களுக்கு இது போதும். கார் இருந்தால் வெலின்ரிட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

நல்ல கிரிப் உள்ள பூட்ஸ், மழை ஜாக்கெட் கட்டாயம். குடை வேஸ்ட். நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையில் அட்டை என்றால், அங்கே உண்ணி. லைம் நோய் பரப்பும். பேன்ட்டை சாக்ஸுக்குள் சொருகிக்கொள்ளுங்கள், திரும்பியதும் முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாம் பாருங்கள். வேறு காட்டில் நடந்த பூட்ஸ் என்றால் சேற்றைக் கழுவிவிட்டு வாருங்கள். மரநோய்க் கிருமி அதில்தான் பயணம் செய்யும். நடைபாதை தனியார் வயலுக்குள் போகும், பயப்பட வேண்டாம், நடக்க உரிமை உண்டு. வழியில் இருக்கும் கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்க, திறந்திருந்தால் திறந்தே விடுங்க. பாசி பிடித்த பாறை மேல் ஏறி நின்று செல்ஃபி மட்டும் வேண்டாம். அதற்கும் நல்லதில்லை, உங்க இடுப்புக்கும் நல்லதில்லை.

பள்ளத்தாக்கில் சிக்னல் வரும், போகும். மேப்பை முன்னாடியே டவுன்லோடு செய்துவிடுங்கள். நீராவி ரயில் குளிர்காலத்தில் எல்லா நாளும் ஓடாது, மற்ற நாள்களிலும் சாயங்காலம் சீக்கிரமே முடிந்துவிடும். ஸ்டேஷனில் இறங்கியதும் முதல் போட்டோவாக, திரும்பிப் போகும் கடைசி ரயிலின் டைம் டேபிளை எடுத்து வெச்சுக்கோங்க. பாசி அப்புறம்.